ரிஜெக்ஷன் ரிஜிஸ்டரும் கேட் தேர்வும்

தீபாவளிக்கு மறுநாள், பழைய கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த தம்பி போன் செய்தான். பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு அங்கே குவாலிட்டியில் இருப்பவன். எம்.டெக். சேர எழுதும் கேட் நுழைவுத் தேர்வைப் பற்றிக் கேட்டான்.

“அக்கா, வர்ற பிப்ரவரியில மறுபடியும் கேட் எழுதறனுங்க. போன தடவை முப்பத்தஞ்சுதான் வந்துச்சு. கோச்சிங் போகாம ஐம்பதைத் தாண்ட முடியுங்களா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்கோணும்?”

“மணி நேரத்தை அப்புறம் பேசலாம்டா. போன தடவை எந்தெந்தக் கேள்வி தப்பாச்சுன்னு பார்த்தியா?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “இல்லீங்க்கா. ரெஸ்பான்ஸ் ஷீட்டை டவுன்லோடு பண்ணி வெச்சேன். திறக்கறதுக்கு மனசு வரல.”

எனக்கும் அப்படித்தான் இருந்தது. மார்ச்சில் முடிவு வந்து, மே மாதம்வரை அந்த ஃபைலைத் திறக்கவில்லை. அவனிடம் போனில் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே, சொந்தமாகப் படித்து, இரண்டாவது முறை எழுதப்போகும் யாருக்காவது உதவும்.

முதல் முறை எனக்கு வந்தது 100-க்கு 38.67. தகுதி மதிப்பெண்ணைத் தாண்டிவிட்டேன். ஆனால் எம்.டெக்.கில் நான் ஆசைப்பட்ட தெர்மல் (வெப்பப் பொறியியல்) பிரிவில் சேர அது போதாது. ஊரில் அம்மா, “விட்ரு தாயி, அதான் கையில வேலை இருக்குல்ல” என்றார். கோயம்புத்தூரில் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் ஆய்வாளர் வேலை. ஞாயிறு மட்டும் விடுமுறை. வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ போய்க் கோச்சிங்கில் உட்கார வசதியில்லை. படித்தால் ஹாஸ்டல் வராந்தாவில்தான் படிக்க வேண்டும்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரெஸ்பான்ஸ் ஷீட் என்ற என் விடைத்தாளையும் அதிகாரபூர்வ விடைக்குறிப்பையும் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கேட் வினாத்தாளில் மொத்தம் 65 கேள்விகள், மூன்று மணி நேரம். ஒரு மதிப்பெண் கேள்விகள் 30, இரண்டு மதிப்பெண் கேள்விகள் 35. நான் சரியாகப் போட்டிருந்தது 28. நெகட்டிவ் மார்க் உள்ள கேள்விகளில் தப்பு 7. நெகட்டிவ் இல்லாதவற்றில் தப்பு 12. தொடாமலே விட்டது 18. சரியானவற்றுக்கு 42 வந்து, நெகட்டிவில் 3.33 போய், மிச்சம்தான் 38.67.

தப்பான 19 கேள்விகளையும், கடிகாரம் பார்க்காமல், புத்தகம் திறக்காமல், ஒவ்வொன்றாக மறுபடி போட்டுப் பார்த்தேன். 11 கேள்விகளுக்குச் சரியான விடை வந்தது! யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, புதிதாக எதுவும் படிக்கவில்லை. அந்தப் பதினொன்றின் மதிப்பு 19 மார்க். அவ்வளவு நாளும் எனக்குப் பாடம் பத்தவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பாடமும் பத்தவில்லைதான், அந்த 18 கேள்விகள் அதற்குச் சாட்சி. ஆனால் கையில் இருந்த பாடத்திலிருந்தே 19 மார்க் ஒழுகிப் போயிருந்தது.

19 மார்க் என்றால் என்ன என்பதை ஸ்கோர் கணக்கில் பார்த்தால்தான் புரியும். சேர்க்கைக்குப் பார்ப்பது 100-க்கு வாங்கிய மதிப்பெண்ணை அல்ல, 1000-க்குக் கணக்கிடும் ஸ்கோரை. தகுதி மதிப்பெண் எதுவோ அதற்கு 350 என்றும், அந்தத் தாளில் முதல் 0.1 சதவீதம் பேர் அல்லது முதல் பத்துப் பேர், இதில் எது அதிகமோ அவர்களின் சராசரிக்கு 900 என்றும் வைத்து, நடுவில் இருப்பவர்களை நேர்கோட்டில் பரப்புகிறார்கள். இரண்டு புள்ளிகளுக்கும் இடையே 55 மதிப்பெண் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மார்க்குக்குப் பத்து ஸ்கோர். பாடம் தெரிந்தும் நான் விட்டது கிட்டத்தட்ட 190 ஸ்கோர். இந்த ஸ்கோர் மூன்று வருடம் செல்லும் என்பதால் போட்டியில் பழைய ஆட்களும் இருப்பார்கள்.

மறுநாள் வேலைக்குப் போனதும் எனக்கு வழி தெரிந்தது. என் மேஜை மேலேயே இருந்தது.

எங்கள் பிரிவில் ரிஜெக்ஷன் ரிஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. ஆய்வில் கழிக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் அதில் ஒரு வரி: தேதி, பொருள், இருக்க வேண்டிய அளவு, இருந்த அளவு, காரணம், எடுத்த நடவடிக்கை. நான் வேலையில் சேர்ந்த புதிதில், ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் அளவு கூடி வந்திருந்தது. காரணம் என்ற கட்டத்தில் “ஆபரேட்டர் கவனக்குறைவு” என்று எழுதினேன். இன்சார்ஜ் அண்ணன் வந்து பார்த்துவிட்டுச் சிவப்பு மையில் அடித்தார்.

“கவனக்குறைவுங்கறது காரணம் இல்லம்மா, அது திட்டு. அவன் எதைப் பார்க்காம விட்டான்? டூல் தேஞ்சிருந்துச்சா, ஆஃப்செட் மாத்தலையா, மைக்ரோமீட்டர் சீரோ பார்க்கலையா? அதை எழுது. அதைத்தான் நம்மளால சரிபண்ண முடியும்.”

மூன்று வருடமாக மற்றவர்கள் செய்த பொருளுக்கு அந்த ரிஜிஸ்டரை எழுதிவந்திருக்கிறேன். என் தப்புக்கு ஒருநாளும் எழுதியதில்லை. அன்று சாயங்காலம் 200 பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். தேதியும் கேள்வியும், நான் எழுதிய விடையும் சரியான விடையும், எதனால், அடுத்த முறை என்ன செய்வேன். ஒரே ஒரு சட்டம்: “எதனால்” கட்டத்தில் கவனக்குறைவு, மறதி, அவசரம் என்ற மூன்று சொற்களும் வரக்கூடாது.

இது கேட்க எளிது, எழுத உட்கார்ந்தால் கஷ்டம். ஒரு கணக்கைக் காட்டுகிறேன்.

மெல்லிய சுவருள்ள உருளைக் கலம். உள் ஆரம் 250 மி.மீ., சுவரின் தடிமன் 10 மி.மீ., உள்ளே அழுத்தம் 2 மெகாபாஸ்கல். சுவரில் ஏற்படும் பெரும ஷியர் ஸ்ட்ரெஸ் (பொருளைச் சறுக்கி வெட்டப் பார்க்கும் தகைவு) எவ்வளவு? ஹூப் ஸ்ட்ரெஸ், அதாவது சுவரின் சுற்றுவாக்கில் வருவது, அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கித் தடிமனால் வகுத்தால் 50. நீளவாக்கில் அதில் பாதி, 25. இரண்டின் வித்தியாசத்தில் பாதி 12.5 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். சரியான விடை 25. ஆர வாக்கில் மூன்றாவது முதன்மை ஸ்ட்ரெஸ் ஒன்று இருக்கிறது. மெல்லிய சுவரில் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறோம். பூஜ்யம் என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. 50-க்கும் 0-க்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் உண்மையான பெருமம். 12.5 என்பது கலத்தின் பரப்புத் தளத்துக்குள் மட்டும் பார்த்தால் வருவது.

முதலில் “எதனால்” கட்டத்தில் “ஃபார்முலா தப்பு” என்று எழுதினேன். இன்சார்ஜ் அண்ணன் இருந்தால் அடித்திருப்பார். ஃபார்முலா தப்பே இல்லை. அரை மணி நேரம் யோசித்து, அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: “இரண்டு திசையோடு நிறுத்தினேன். மூன்றாவதை எழுதிப் பார்க்கவில்லை.” அடுத்த கட்டத்தில்: “ஸ்ட்ரெஸ் கணக்கு எதுவானாலும் மூன்று எண்களையும் வரிசையாக எழுது, பூஜ்யமானாலும் எழுது.” அதன் பிறகு அந்த வகைக் கணக்கு எனக்குத் தப்பவே இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் நோட்டில் 143 வரிகள் சேர்ந்திருந்தன. கம்பெனியில் மாதக் கடைசியில் செய்வதுபோலக் காரணவாரியாகக் கோடு போட்டு எண்ணிப் பார்த்தேன். குவாலிட்டி ஆட்கள் இதைப் பரேட்டோ என்பார்கள். மூன்று காரணங்களே 81 வரிகளைப் பிடித்துக்கொண்டன. கேள்வி எதைக் கேட்கிறது என்பதைக் கடைசி வரிவரை படிக்காதது. அலகு மாற்றாதது, அதிலும் செல்சியஸ்–கெல்வின், விட்டம்–ஆரம், கேஜ் அழுத்தம்–அப்சொல்யூட் அழுத்தம். எந்த நிபந்தனையில் ஒரு ஃபார்முலா செல்லும் என்று பார்க்காமல் போட்டது. இத்தனை மாதம் பத்துப் பாடத்தில் பலவீனம் என்று நினைத்திருந்தேன். பத்துப் பாடத்திலும் வேறு வேறு வேஷத்தில் வந்தது இந்த மூன்றுதான்.

மருந்தும் சின்னதுதான். கணக்கைத் தொடங்கும் முன் ரஃப் தாளில் முதல் வரியாக, கேட்டது என்ன, எந்த அலகில், எத்தனை தசமம் என்று எழுதிக் கட்டம் கட்டிவிடுவேன். ஐந்து விநாடிகூட ஆகாது. அது கை வழக்கமாவதற்கு ஒரு மாதம் பிடித்தது.

நோட்டை எழுதி மூடிவைத்தால் பயனில்லை. தப்பான கணக்கை மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள், அப்புறம் ஒரு மாதம் கழித்து, விடையைப் பார்க்காமல் வெள்ளைத்தாளில் மறுபடி போட்டேன். மறுபடி தப்பினால் முதலிலிருந்து. திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதுதான் நிலைக்கும் என்று ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் மாணவர்களை வைத்துக் காட்டினார்கள். படித்து ஐந்து நிமிடத்தில் சோதித்தால் மறுபடி வாசித்தவர்களே முன்னே நிற்கிறார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால், தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்கள் முன்னே வந்துவிடுகிறார்கள். மஞ்சள் மார்க்கர் அடித்த பக்கம் அன்றைக்கு எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றி, தேர்வன்று கைவிடுவது இதனால்தான்.

சரி, மணி நேரம். விடியற்காலை நாலரை முதல் ஆறரை வரை, ஆறு நாளும். ஞாயிறு ஆறு மணி நேரம். வாரத்துக்கு 18. மே கடைசியிலிருந்து ஜனவரி முடியும்வரை 35 வாரம், காகிதத்தில் 630 மணி. நான் உண்மையில் படித்தது 420-க்குக் கொஞ்சம் மேலே. தினமும் குறித்துவைத்ததால் தெரியும். ஆடிட் வாரம், காய்ச்சல், சொந்தத்தில் இரண்டு கல்யாணம், தீபாவளி என்று மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. இதை முதலிலேயே எதிர்பார்த்துத்தான் அட்டவணை போட்டேன்: நான்கு வாரத்துக்கு மூன்று வாரப் பாடம்தான், நான்காவது வாரம் காலி. விட்டுப்போனது அதில் ஏறும். முதல் முறை நான் போட்ட அட்டவணையில் ஒரு நாள் தவறினாலும் எல்லாம் சரிந்தது, சரிந்ததும் மனம் விட்டுப்போனது. காலி வாரம் வைத்த பிறகு அந்தச் சோர்வே வரவில்லை. திட்டத்தில் இடைவெளி விடுவது சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

எதை முதலில் எடுப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பொதுத்திறன் பகுதிக்கு 15 மார்க், பொறியியல் கணிதத்துக்கு 13. இரண்டும் சேர்ந்து 28. துறைப் பாடம் 72-ஐப் பார்த்து மலைத்துப்போய் இந்த 28-ஐக் கடைசி மாதத்துக்குத் தள்ளுகிறவர்களே அதிகம். நான் இங்கேதான் தொடங்கினேன். அணியின் மூலைவிட்டக் கூட்டுத்தொகை ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகைக்குச் சமம், டிட்டர்மினன்ட் அவற்றின் பெருக்கலுக்குச் சமம் என்ற இரண்டு வரியை வைத்துக்கொண்டே எத்தனையோ பழைய கேள்விகளைப் போட்டுவிடலாம். அடுத்து இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங். இருப்புக் கட்டுப்பாடு, வரிசைக் கோட்பாடு, சிபிஎம் (ஒரு திட்டத்தின் வேலைகளில் மிக நீண்ட பாதையைக் கண்டுபிடிக்கும் முறை) எல்லாம் சின்னச் சின்னப் பகுதிகள், போட்ட நேரத்துக்கு உடனே பலன் தரும். ஃபிட்டும் டாலரன்ஸும், அதாவது இரண்டு பாகங்கள் பொருந்தும் விதமும் அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கமும், எனக்கு வேலையிலேயே பழக்கம். எச்7 என்ற துளை டாலரன்ஸ் குறியீட்டைப் பார்த்தால், துளையைச் சோதிக்கும் பிளக் கேஜின் கோ பக்கம் (சரியான துளையில் நுழைய வேண்டிய முனை) கையில் வழுக்கிக்கொண்டு இறங்குவதுதான் ஞாபகம் வரும். வேலை பார்த்துக்கொண்டு படிப்பவர்கள் தங்கள் வேலையில் ஓடும் பாடத்தை முதலில் கெட்டிப்படுத்திக்கொள்ளலாம்.

பாடம் புரியாத இடத்தில் என்பிடெல் வீடியோக்கள் கை கொடுத்தன. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-இல் தொடங்கியது, இலவசம். ஆனால் ஒரு பாடத்தின் எல்லா வீடியோவையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் கணக்கு என்று உட்காராதீர்கள். முந்தைய வருடக் கேள்வியை முதலில் போட்டுப் பார்த்து, எங்கே முட்டுகிறதோ அந்த வீடியோ மட்டும்.

காசியோ 991-ஐப் பெட்டியில் பூட்டிவையுங்கள். நாலு வருடம் காலேஜில் கைவிரலாகவே மாறிப்போன கால்குலேட்டர் அது. கேட் தேர்வறைக்குள் கொண்டுபோக முடியாது. கணினித் திரையிலேயே ஒரு கால்குலேட்டர் வரும், அதை மௌஸால்தான் தட்ட வேண்டும். சமன்பாடு தீர்க்கும் வசதியோ அணிக்கான வசதியோ அதில் கிடையாது. முதல் முறை அதோடு மல்லுக்கட்டியே நேரம் போனது. இரண்டாவது முறை அதே மாதிரிக் கால்குலேட்டரை இணையத்தில் திறந்துவைத்து, முதல் நாளிலிருந்தே அதில் மட்டும் போட்டேன்.

தெரியாத கேள்வியில் ஊகிப்பதா விடுவதா என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நான்கு விடையில் ஒன்றைத் தேர்வு செய்யும் கேள்வியில், ஒரு மதிப்பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு நெகட்டிவ். கண்ணை மூடிக்கொண்டு போட்டால் நீண்ட ஓட்டத்தில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை, சரியாகப் பூஜ்யம். ஒரு விடை நிச்சயம் இல்லை என்று கழிக்க முடிந்தால் லாபத்துக்கு வந்துவிடுகிறது. 2021-இல் வந்த, ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கக்கூடிய கேள்விகளுக்கும், எண்ணாக விடை தரும் கேள்விகளுக்கும் நெகட்டிவே இல்லை. அவற்றைக் காலியாக விட்டு வருவதில் அர்த்தமில்லை. நான் விட்டுவந்த 18-இல் 9 அப்படிப்பட்டவை.

டிசம்பரிலிருந்து ஞாயிறுதோறும் முழு மாதிரித் தேர்வு, என் தாள் நடக்கும் நேரமான காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை. மூன்று மணி நேரம் எழுதினால், அதை அலசுவதற்கு ஐந்து மணி நேரம் ஒதுக்கினேன். எட்டுத் தேர்வுதான் எழுதினேன். நாற்பது எழுதினேன் என்று சொல்பவர்களைப் பார்த்து நான் பயந்ததுண்டு. ஆனால் அலசாத தேர்வு, காரணம் எழுதாமல் ஸ்கிராப்பில் போட்ட பொருள்போல. மறுநாள் அதே மெஷினில் அதே தப்பு வரும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது, போகவேண்டாம் என்று பலர் சொன்னார்கள். புத்தகம் எதையும் எடுக்கவில்லை, நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். அம்மா வெளியே பொங்கல் பானையைப் பார்த்துக்கொண்டிருக்க, திண்ணையில் உட்கார்ந்து 200-க்கு மேல் வந்துவிட்ட வரிகளில் “அடுத்த முறை என்ன செய்வேன்” கட்டத்தை மட்டும் வரிசையாகப் படித்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. அந்த வருடத்தில் நான் படித்ததிலேயே மிகவும் உதவிய இரண்டு மணி நேரம் அது.

பிப்ரவரியில் எழுதிய தேர்வில் 61.67 வந்தது. சரியானவற்றுக்கு 64, நெகட்டிவில் 2.33. அந்த விடைத்தாளை வந்த அன்றே திறந்தேன். தெரிந்தும் தப்பியவை 3. அவற்றையும் நோட்டில் எழுதினேன், கடைசி மூன்று வரியாக. இப்போது எம்.டெக். இரண்டாம் வருடம், தெர்மல் பிரிவில். மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வருகிறது. சம்பளத்தைவிடக் குறைவுதான்; அம்மாவுக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

தம்பியிடம் விடைத்தாளைத் திறந்து, தப்பானவற்றை மறுபடி போட்டு, ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொன்னேன். மூன்று நாள் கழித்து வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. பன்னிரண்டு வரி. “எதனால்” கட்டத்தில் ஏழு இடத்தில் கவனக்குறைவு. ஏழையும் சிவப்பில் அடித்துத் திருப்பி அனுப்பினேன். ரிஜிஸ்டர் எழுதுகிறவன்தானே, உடனே புரிந்துகொண்டான். நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு மறுபடி வந்தது. நான்காவது வரியில், நுணுக்கி எழுதியிருந்தான்: “கேள்வியில் ரேடியேஷன் இருந்தது. வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்றாமல் நான்காம் அடுக்குக்கு ஏற்றினேன். இனி சூத்திரத்துக்கு முன் 273-ஐ எழுதுவேன்.”

கீழே ஒரு வரி: “அக்கா, பன்னண்டுல எட்டு எனக்குத் தெரிஞ்சதுங்க.”